இறுதிப் போட்டி இல்லாத கோப்பையும் என் ‘பார்த்தேன்’ கையெழுத்தும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டாராம். மற்ற வானொலிகளில் ஸ்கிரிப்டைப் படித்துப் பார்த்தவர் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். நம் நிலையத்தில் மட்டும் ‘சொன்னேன்’ என்று எழுதுகிறோமே, யாரிடம் என்ன சொன்னோம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி சுற்றிச் சுற்றி, ஓய்வு பெற்று நான் இருக்கும் செண்பகனூர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. நியாயம்தான். அந்தச் சொல் அங்கே வந்ததற்குக் காரணம் நான். மார்தட்டிக்கொள்கிற மாதிரியான காரணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குரலை எப்படி வைத்துக்கொள்வது, மூச்சை எங்கே விடுவது, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மேல் பொறாமை வந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லித் தர மாட்டார்கள். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதனால் அதை நான் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது ஸ்கிரிப்டின் அடியில் எழுதும் சொல் ‘பார்த்தேன்’. எனக்கு மூத்தவர் ஒருவர் ஏற்படுத்திய வழக்கம் அது. ‘சரி’ என்று எழுதினால் என்ன என்று கேட்டேன். “சரின்னு சொல்ல நம்ம என்ன சாமியா? ரெண்டு கண்ணால பாத்தேன். அம்புட்டுதான்” என்றார். அடக்கமான சொல் என்று அப்போது நினைத்தேன். எவ்வளவு வசதியான சொல் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

என் பொறுப்பில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிட விளையாட்டு நிகழ்ச்சி. எனக்குக் கால்பந்து என்றால் உயிர். அதிலும் ஆசியக் கோப்பை என்னுடைய சொந்தச் சொத்து மாதிரி. ஹாங்காங்கில் நான்கே அணிகளோடு தொடங்கியது, முதல் இரண்டு முறையும் தென்கொரியா தூக்கிக்கொண்டு போனது, ஈரான் தொடர்ந்து மூன்று தடவை வென்றது, அப்புறம் குவைத், சவுதி, ஜப்பான் என்று எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் என் கையெழுத்தில் இருந்தது. உலகக் கோப்பையைப் பற்றி ஊரே பேசும். இதைப் பற்றி நம் மலையில் பேசுவதற்கு நான் ஒருவன்தான் என்று ஒரு கர்வம்.

என்ன பிரயோசனம்? என் குரல் அப்படி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நிலத்தின் நாலெல்லையை வாசிக்கிற குரல். நிகழ்ச்சிக்கு வருடம் முழுக்க ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் கிரிக்கெட் ஸ்கோர் ஏன் சொல்வதில்லை என்று கேட்டிருந்தார்கள்.

அப்போதுதான் ரெஜினா வந்தாள். பெருமாள்மலைப் பெண். அவள் அப்பா மலைச்சாலை முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்தார். தற்காலிக அறிவிப்பாளராக எடுத்து, காலையில் சாலைச் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். எங்கே மூடுபனி, எங்கே மரம் விழுந்திருக்கிறது, பூம்பாறை பஸ் கிளம்பியதா இல்லையா, இவ்வளவுதான். இதில் என்ன செய்துவிட முடியும் என்று நினைப்பீர்கள். அவள் வாசித்தால் அந்தப் பஸ் கண்ணுக்குத் தெரியும். டிரைவர் துணியால் கண்ணாடியைத் துடைப்பது தெரியும். ஊரில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து சாலைச் செய்தி கேட்டார்கள். ஒரு நாள் டவுன் பஸ்ஸில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர், “ரெஜினா வேலை பாக்குற ரேடியோவா சார்?” என்றார். ஆமாம் என்றேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைக் கூச்சம் இல்லாமல் எழுதுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. அவள் நல்ல பெண், மரியாதையான பெண், என்னை எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்பாள். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்தாரில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவும் ஆடப்போகிறது என்று ஆனதும், அந்தக் கோப்பையின் வரலாற்றைத் தொடராகப் போடலாம் என்று இயக்குநர் முடிவு செய்தார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டே கூட்டத்துக்குப் போனேன். இயக்குநர் சொன்னார்: எழுதி வாசிப்பது ரெஜினா, ஸ்கிரிப்டைப் பார்ப்பது நான். தொடர் நன்றாகப் போனால் ரெஜினாவை முழுநேர நிகழ்ச்சியாளராகப் பரிந்துரைப்பேன் என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னார். தற்காலிகத்தில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டு பைக்குள்ளேயே இருந்தது.

தொடரை அவள் எப்படிக் கொண்டுபோனாள் என்று கேட்டீர்களானால், அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது. ஆனாலும் சொல்ல வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்து ஈராக் கோப்பையை வென்ற கதையை, பாக்தாத்தில் தெருவுக்கு வரலாமா வேண்டாமா என்று கதவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு அம்மாவிடமிருந்து தொடங்கினாள். கடைசியில் அந்த அம்மா கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான், கோலைப் பற்றி ஒரே ஒரு வரி. கேண்டீனில் டீ போடுகிறவர் பாலைப் பொங்கவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே ஈராக்கை நான் மூன்று முறை ஒலிபரப்பியிருக்கிறேன். மைதானத்தின் பெயர், கோல் எண்ணிக்கை எல்லாம் சுத்தமாகச் சொல்லியிருக்கிறேன். பால் ஒரு தடவையும் பொங்கவில்லை.

கடைசிப் பகுதிதான் அறுபத்து நான்கு. இந்தியா இரண்டாம் இடம் பிடித்த வருடம். இந்தியாவின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை அது ஒலிபரப்பாக வேண்டும். உடனேயே நேயர்களோடு தொலைபேசியில் அரை மணி நேர நேரலை. அதற்கு ஒரு வாரம் முன்பு ரெஜினா என் மேசைக்கு வந்து நின்றாள். அறுபத்து நாலைப் பற்றி என் நோட்டில் ஏதாவது இருக்குமா, ஒரு நாள் கொடுத்தால் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள். பழைய பேப்பர்களில் எல்லாம் கிடக்கிறது, தேடிக்கொள் என்றேன். நோட்டு அப்போது என் மேசை டிராயரில், என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இரண்டு நாளில் ஸ்கிரிப்ட் வந்தது. பிரமாதமாக இருந்தது. வேண்டாவெறுப்பாகத்தான் படித்தேன், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இறுதிப் போட்டியில் இந்தியா இஸ்ரேலிடம் தோற்கிறது. தோற்றவர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மற்றவர்களின் ஆரவாரம். ஒருவர் மட்டும் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்காமலே இருக்கிறார். கோப்பைக்கும் நமக்கும் ஒரே ஒரு ஆட்டம்தான் இடைவெளி என்று முடித்திருந்தாள்.

அதில் ஒரே ஒரு குறை. அந்த வருடம் இறுதிப் போட்டியே கிடையாது. இஸ்ரேலில் நடந்ததால் வர மறுத்தவர்கள் போக மிஞ்சியது நான்கு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆடியது. அதிகப் புள்ளி எடுத்த அணிக்குக் கோப்பை. இஸ்ரேலிடம் தோற்ற பிறகும் இந்தியாவுக்கு ஒரு ஆட்டம் இருந்தது, அதில் ஹாங்காங்கை வென்றது. பேப்பர்காரர்கள் இரண்டாம் இடம் என்று பார்த்ததும், அப்படியானால் இறுதிப் போட்டியில் தோற்றிருப்பார்கள் என்று அவர்களாகவே எழுதிவிடுவார்கள். அவர்களை நம்பி எழுதினாள் ரெஜினா. அவளை அங்கே அனுப்பியது நான்.

பென்சிலை எடுத்தேன். ‘இறுதிப் போட்டி’ என்ற சொல்லுக்குக் கீழே கொண்டுபோனேன். அந்த நிமிடம் என் மனசில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு தடவை விழட்டும் என்று நினைத்தேன். ஒரே தடவை. எல்லோரும் பார்க்கும்படி. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, அடியில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாருங்கள், அதில் பொய்யே இல்லை. நான் பார்த்தேன்தானே?

ஒலிபரப்பு நாளன்று காலை கடுமையான உறைபனி. ஏரிக்கரைப் புல் வெள்ளையாகக் கிடந்தது. ரெஜினா பகுதி முடிந்ததும் நேரலை தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அவள். இந்தப் பக்கம் தொலைபேசியோடு நான். அழைப்பவரிடம் ஊர், பேர், கேள்வி மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் உள்ளே இணைப்பது நம் வழக்கம். உங்களுக்கும் அதே வழக்கம்தான் என்று நினைக்கிறேன். முதல் நான்கு பேரும் அவளைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஒவ்வொருவரையும் நானே என் கையால் இணைத்தேன்.

ஐந்தாவது அழைப்பு பூம்பாறையிலிருந்து. வேலுச்சாமி, பூண்டு விவசாயி. தோட்டத்தில் நின்றபடி பேசினார் போல, காற்று இரைந்தது. கேள்வி என்ன என்றேன். “கேள்வி இல்லைங்க, ஒரு தப்பு. அன்னிக்கு இறுதிப் போட்டின்னு ஒண்ணு நடக்கவே இல்லைங்க. அதச் சொல்லணும்” என்றார்.

எனக்கு அரை நிமிடம் இருந்தது. உள்ளே ரெஜினா நான்காவது ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மூன்றில் ஒன்றைச் செய்திருக்கலாம். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடலாம். பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே போய் அவள் காதில் விஷயத்தைச் சொல்லி, அவளே திருத்தும்படி செய்யலாம். அதுதான் சரியான வழி, எந்த நிலையத்திலும் அதைத்தான் செய்வார்கள். மூன்றாவது, அப்படியே இணைப்பது. நான் இணைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வேலுச்சாமி நிதானமாகத்தான் சொன்னார். அதற்கு அப்புறம் என்னிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்க தாயி. இது எனக்கா தெரிஞ்சதில்ல. உங்க ரேடியோவுலயே ஞாயித்துக்கெழம ஒரு சார் பேசுவாரு. தூக்கம் வர்ற மாதிரிதான் பேசுவாரு, ஆனா ஒரு சொல்லு பெசகாது. களையெடுக்கையில அவர் பேச்சத்தான் வச்சுக் கேப்பேன். அவர் சொல்லித்தான் இது தெரியும். அவரக் கேட்டீங்கன்னா சரியாச் சொல்லுவாரு.”

இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரே ஒரு நேயர் இருந்திருக்கிறார். அவர் வாயைத் திறந்த நேரத்தைப் பாருங்கள்.

ரெஜினா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. தப்பு என்னுடையதுதான் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த சார் இங்கேதான் இருக்கிறார், அவரையே அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எதிர் நாற்காலியைக் கைகாட்டினாள். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. காப்பாற்றுவேன் என்று நினைத்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். இறுதிப் போட்டி இல்லை என்பதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. இந்தியா தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டது. மிச்சம் இருந்தது இஸ்ரேலும் தென்கொரியாவும் ஆடும் ஒரே ஆட்டம். அதில் இஸ்ரேல் தோற்றால் மூன்று அணிகள் சமமாக நிற்கும், கோப்பை யார் கைக்கும் போகலாம். நம் ஆட்கள் அதில் பந்தைத் தொட முடியாது. அடுத்தவன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அவன் விழவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று வென்றுவிட்டான். உட்கார்ந்து வேண்டிக்கொண்டவனுக்கு இரண்டாம் இடம் என்று சொல்லி முடித்தேன்.

பேசி முடித்தபோதுதான் கவனித்தேன், என் குரல் வழக்கமான நாலெல்லைக் குரலாக இல்லை. எப்படி இருக்கும்? நான் பேசியது என் கதை. தொலைபேசி விடாமல் அடித்தது. எல்லாம் எனக்கு. நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே காலையில் கிடைத்தது.

இயக்குநர் வராந்தாவில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேளை நீங்கள் இருந்தீர்கள் என்றார். ஸ்கிரிப்டில் என் கையெழுத்து இருப்பதை அவரே எடுத்து, வேலை நெருக்கடியில் கண்ணுக்குத் தப்பியிருக்கும், எழுதியவள்தானே பார்த்திருக்க வேண்டும் என்று எனக்காகச் சாக்கும் சொல்லிக் கொடுத்தார். பரிந்துரையை அனுப்பப் போவதில்லை, அவள் சாலைச் செய்திக்கே திரும்பட்டும், கத்தார் ஆட்டங்களை இனி நீங்கள் பாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

ரெஜினா ஸ்கிரிப்டோடு என் மேசைக்கு வந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

“சார், இதப் பாத்தீங்களா, இல்ல கண்ணுல படாமப் போயிருச்சா?”

கண்ணில் படவில்லை என்றால் நம்பியிருப்பாள். இயக்குநர் கொடுத்த சாக்கு கையிலேயே இருந்தது. ஏனோ அந்த விரலைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

“பார்த்தேன்” என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விரலை எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பி மூடினாள்.

“அந்தக் கடைசி நாள் கதைய எங்கிட்ட சொல்லிருந்தீங்கன்னா அதையே எழுதிருப்பேனே சார். நான் எழுதுனத விட அது எம்புட்டு நல்ல கதை. ஒரு வாரமா உங்க நோட்டுக்குள்ளயா கெடந்துச்சு?”

பரிந்துரை போனதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. நல்ல கதை ஒன்று கையைவிட்டுப் போய்விட்டதே என்றுதான் அவளுக்கு வருத்தம். அவளிடம் இருந்தது என்ன, என்னிடம் இல்லாதது என்ன என்று அப்போது எனக்குத் தெரிந்தது. குரல் இல்லை அது. தெரிந்ததும் பொறாமை குறைந்ததா என்று கேட்காதீர்கள். கூடிவிட்டது.

மறுநாள் வெள்ளனே போய் இயக்குநர் அறை வாசலில் நின்றேன். அவர் மஃப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. தவறை முன்பே பார்த்தேன், வேண்டுமென்றே விட்டேன், நோட்டையும் கொடுக்கவில்லை, அழைப்பையும் தெரிந்தே இணைத்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். ஏன் என்றார். பொறாமை என்றேன். அவர் கோபப்பட்டிருக்கலாம், சிரித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜன்னலைப் பார்த்தபடி, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

கத்தார் ஆட்டங்களும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியும் ரெஜினாவிடம் போயின. பரிந்துரையும் அனுப்பப்பட்டது. இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது, ஒரு கோலும் அடிக்கவில்லை. அதையும் ஜனங்கள் அவள் சொல்லக் காத்திருந்து கேட்டார்கள். எனக்குச் சாலைச் செய்தி. ஓய்வு பெறும் வரை பெருமாள்மலையில் பனிமூட்டம் என்று நான்தான் வாசித்தேன். வேலுச்சாமி ஒரு முறை போன் செய்து, நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விடுகிறது, கொஞ்சம் வெரசா வாசியுங்கள் என்றார்.

கத்தார் ஆட்டங்கள் முடிவதற்குள்ளேயே ரெஜினா ஒரு ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என்னையா பார்க்கச் சொல்கிறாய் என்றேன். இந்தக் கோப்பையைப் பற்றி உங்களைவிட்டால் மலையில் யாருக்குத் தெரியும் என்றாள். வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நான் எழுத வேண்டிய இடத்தில் அவளே ஒரு சொல்லை எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தாள். ‘சொன்னேன்.’

“தப்பு இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போடுங்க. பாத்துட்டு மட்டும் இருக்க வேணாம் சார்.”

நீல நோட்டை டிராயரிலிருந்து எடுத்து ஸ்கிரிப்டின் மேல் வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நிலையம் முழுக்க அந்தச் சொல்தான். நீங்கள் அதை எழுதும்போது, எதிரில் இருப்பவர் உங்களைவிட நன்றாக எழுதியிருப்பார். கை பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடும். எனக்குத் தெரியும்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. டீக்கடையில் அவள் குரல் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. போன மாதம் குவைத் வென்ற கதையை மறுபடி சொன்னாள். அதற்கு முன்னால் மூன்று முறை தொடர்ந்து வென்றது ஈராக் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் போன் போட்டேன்.

“ஈரான், ஈராக் இல்ல” என்றேன்.

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“அக்கறையிலயா சார் சொல்றீங்க, பொறாமையிலயா?”

“பொறாமைதான்.”

“சரி சார். சொல்லிட்டீங்கல்ல” என்றாள்.